நாலு மாசம் நின்ன கேரவன்: ஏர் இறங்குது, இடப்பக்கம் இழுக்குது, ஒரு டிரம் கொதிக்குது

சுங்கான்கடை வண்டிக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க வாசிக்கிறதோட சரி, எழுதினது குறைவு. இப்ப எழுதியே ஆகணும்ங்கிற நிலைமை.

என்கிட்ட இருக்கிறது 2011 பஸ் சேசிஸ்ல கட்டின கேரவன். பத்தரை மீட்டர் நீளம். கரூர்ல கொடுத்து உள்ள படுக்கை, சின்ன அடுப்படி, கழிப்பறை, 500 லிட்டர் தண்ணி டேங்க், ஜெனரேட்டர் எல்லாம் வச்சோம். அப்பாவுக்கு ரெண்டு முட்டும் ஆபரேஷன் ஆனது, பஸ்ல மூணு மணி நேரம் சேர்ந்தாப்ல உக்கார முடியாது. அவரையும் அம்மாவையும் வருசத்துல ரெண்டு தடவையாவது வெளியில கூட்டிட்டுப் போகத்தான் இந்த வண்டி. முழுக்க ஏர் பிரேக். நாலு பக்கமும் டிரம், பிரேக் இடைவெளியைச் சரி பண்ற ஸ்லாக் அட்ஜஸ்டர் கையால திருகுற பழைய மாதிரி. ஏபிஎஸ் கிடையாது.

அக்டோபர்ல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் வண்டி முட்டத்துல, மனைவி வீட்டுத் தோப்புல நின்னுது. அங்க இருந்து பார்த்தா கடல் தெரியும். போன வாரம் ஸ்டார்ட் பண்ணினேன். ஏர் ஏறவே பத்து நிமிசத்துக்கு மேல ஆச்சு. ஏறின பிறகு இன்ஜினை நிறுத்தினா ஏர் மீட்டர் முள்ளு கண்ணு முன்னாலயே இறங்குது. பிரேக் பெடலுக்குக் கீழ புஸ்ஸுன்னு சத்தம். பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், ஃபுட் வால்வு, அதாவது பெடல் கீழ உள்ள காத்து வால்வு போச்சுன்னு சொல்லிப் புதுசு மாட்டினாங்க. அதே சத்தம் அதே இடத்துல இப்பவும் இருக்கு.

பிறகு பைய ஓட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வில்லுக்குறி பக்கம் ஒரு ஆடு குறுக்க வந்து பிரேக் அடிச்சப்ப வண்டி இடப்பக்கமா இழுத்துது, ஸ்டியரிங்கைப் பலமா பிடிச்சுத்தான் நிறுத்தினேன். வீட்டுல வந்து பார்த்தா பின்னால வலது சக்கரத்துல தீஞ்ச வாசனை. ஏசி மெக்கானிக் பையன்கிட்ட இருந்த வெப்பம் பார்க்கிற கன்னை வச்சுப் பார்த்தோம். அந்த டிரம் 190 டிகிரி. பின்னால இடது 70. முன்னால இடது 75, முன்னால வலது 40.

அம்மாவுக்கு வேளாங்கண்ணி நேர்ச்சை இருக்கு. மூணு வாரத்துல கிளம்பணும். எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க.

லோடு லாரி, அருமநல்லூர்
காத்துல ஈரத்தை எடுக்கிற ஏர் டிரையர் பில்டரை மாத்துங்க அண்ணே. மழைக்காலத்துல நின்ன வண்டிக்கு முதல்ல போறது அதுதான். இடது முன் சக்கரத்துல டிரம்மை உரசுற லைனிங் கடிக்குது, அதனால இழுக்குது. அதைக் கொஞ்சம் லூஸ் பண்ணி விட்டா நேரா நிக்கும். வேளாங்கண்ணி போய்ட்டு வந்து மத்ததைப் பார்த்துக்கிடலாம்.

ஓய்வு டெப்போ மெக்கானிக்
தம்பி, அந்த வண்டியை இனி ஒரு அடி நகத்தப்பிடாது. முதல் காரியம் அது. நாலு சக்கரத்துக்கும் கட்டை போடும்.

நான் 31 வருசம் அரசு பஸ் பிரேக்லதான் கைவச்சவன். அருமநல்லூர் தம்பி சொன்னதைக் கேட்டு இடது வீலை லூஸ் பண்ணிராதீங்க. வண்டி இடது பக்கம் இழுத்தா இடது வீல் பிடிக்கிதுன்னு அர்த்தம். பிடிக்க வேண்டியதுதான் பிடிக்குது. பிடிக்காம கிடக்கது வலது. ஒமக்க சூட்டுக் கணக்கே அதைச் சொல்லுதே: முன்னால இடது 75, வலது 40. அவ்வளவு தூரம் வந்த பிறவும் 40-ல நிக்குதுன்னா அந்தச் சக்கரம் வேலையே செய்யல்ல. முன்னால நல்லா இருக்க ஒரே பிரேக்கையும் லூஸ் பண்ணினா வண்டி நேராத்தான் போவும், ஆனா நிக்காது.

ஒமக்கு மூணு சீக்கு இருக்கு. மூணையும் தனித்தனியா பாக்கணும், ஆனா மூணுக்கும் காரணம் ஒண்ணா இருக்கலாம். முதல்ல காத்துச் சத்தம். எனக்கு ஒரே ஒரு காரியம் பார்த்துச் சொல்லும். கட்டை போட்டிட்டு, ஏர் நிறைய ஏத்தி, இன்ஜினை நிறுத்தும். ஹேண்ட் பிரேக்கை விட்டு வச்சு அந்தச் சத்தத்தைக் கேளும். பிறவு ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக் கேளும். சத்தம் நிக்குதா, அப்பிடியே இருக்கான்னு சொல்லும். அதுவரை ஒரு சாமானும் வாங்கண்டாம்.

சுங்கான்கடை வண்டிக்காரன்
அண்ணாச்சி, இப்பதான் பார்த்துட்டு வாறேன். ரெண்டு முறை செஞ்சு பார்த்தேன்.

ஹேண்ட் பிரேக் விட்டிருக்கும்போது 8 பார்ல இருந்து பத்து நிமிசத்துல 6.2 வந்துது. சத்தம் தொடர்ச்சியா இருக்கு. ஹேண்ட் பிரேக் போட்ட உடனே ரெண்டு மூணு நொடியில சத்தம் நின்னு போச்சு. பிறகு பத்து நிமிசம் நின்னு பார்த்தும் முள்ளு 7.9-ஐ விட்டு நகரல. எனக்கே அதிசயமா இருந்துது. ஹேண்ட் பிரேக் போட்டா பெடல் கீழ உள்ள சத்தம் எப்படி நிக்கும்?

ஓய்வு டெப்போ மெக்கானிக்
நிக்கும். அதுலதான் எல்லாம் இருக்கு.

பின் சக்கரத்துல இருக்க சேம்பர் ரெட்டை அறை. முன் அறை கால் பிரேக்குக்கு: பெடலை மிதிச்சா காத்து வந்து டயாபிராம்ங்கிற ரப்பர் தகட்டைத் தள்ளும், ராடு வெளிய வந்து பிரேக்கைப் பிடிக்கும். பின் அறையில பெரிய ஸ்பிரிங் ஒண்ணு சுருண்டு கிடக்கு. அதுதான் ஹேண்ட் பிரேக். அங்க காத்து எதிர்மாறா வேலை செய்யும். காத்து இருந்தா ஸ்பிரிங்கை அமுக்கி வச்சிருக்கும், காத்து போனா ஸ்பிரிங் பாய்ஞ்சு பிரேக்கைப் பிடிச்சிரும். அதாவது ஹேண்ட் பிரேக்கை விட்டா பின் அறைக்குள்ள முழுக் காத்து நிக்கும், போட்டா காலி.

ரெண்டு அறைக்கும் நடுவில ஒரு சீல் உண்டு. அந்த சீல் போனா பின் அறைக் காத்து முன் அறைக்கு வரும். முன் அறைக்க ஹோஸ் எங்க போவுது? நேரா ஃபுட் வால்வுக்கு. பெடலை மிதிக்காத நேரம் ஃபுட் வால்வு அந்த ஹோஸைக் கீழ உள்ள வாய் வழியா வெளியில திறந்து வச்சிருக்கும். அப்பம் பின்னால கசியுற காத்து அம்புட்டும் பெடல் கீழ வந்து புஸ்ஸுங்கும். கேக்கிறவனுக்கு வால்வு போச்சுன்னு தோணும். நல்ல வால்வைக் கழத்திப் புது வால்வு போட்டிட்டாங்க, அவ்வளவுதான். பழைய வால்வைத் தூர எறியாம வச்சிருக்கேராவே? வாங்கி வையும்.

இனி ரெண்டு பின் சேம்பர்ல எதுன்னு கண்டுபிடிக்கணும். கட்டை போட்ட வண்டி, காத்து முழுசு, இன்ஜின் நிறுத்தம், ஹேண்ட் பிரேக் விடுதல். கால் பெடல்ல ஆளு இருக்கப்பிடாது. ஒவ்வொரு சேம்பர்லயும் கால் பிரேக் ஹோஸை மட்டும் கழத்திப் பாரும். ஹோஸ் இருந்த ஓட்டையில உள்ளங்கையைக் காட்டினா எந்த சேம்பர்ல காத்து தட்டுதோ அதுதான் ஆளு.

ஒரு காரியம் மட்டும் மறந்திரப்பிடாது. சேம்பருக்க பின் மூடியை யாரும் கழத்தப்பிடாது. ஒமக்கத் தோப்புத் தேங்காயைச் சுழட்டி எறிஞ்ச மாதிரி ஒரு ஆளுக்க தலைக்குப் பாயும் அது. உள்ள இருக்க ஸ்பிரிங்குக்கு நூத்துக்கணக்கான கிலோ விசை. அதுக்குன்னு ஒரு நீள போல்ட் உண்டு. அதைப் பின்னால ஓட்டையில விட்டுத் திருகி ஸ்பிரிங்கைப் பூட்டின பிறவுதான் சேம்பரை வண்டியில இருந்து இறக்கணும். எனக்கு மேல வேலை பார்த்த ஒரு மூத்தவருக்க வலது கை அப்பிடிப் போச்சு. நான் பக்கத்துல நின்னு பார்த்தவன்.

தக்கலை பார்ட்ஸ் அக்கா
அண்ணாச்சி சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா கடையில தினம் பார்க்கிற ஒண்ணைச் சொல்லிடுறேன். ஸ்பிரிங் பக்கத்துக்கு ரிப்பேர் கிட் கேட்டு வருவாங்க. நான் கொடுக்கிறதில்ல. முழு சேம்பரா மாத்துங்க. முன் அறை டயாபிராம் மட்டும் போயிருந்தா அது வேற, ஸ்பிரிங்கைப் பூட்டி வச்சு மாத்தலாம்.

தம்பி, வாங்க வரும்போது பழைய சேம்பர்ல அடிச்சிருக்கிற நம்பரைப் படம் எடுத்துட்டு வாங்க. 24-ன்னா 24, 30-ன்னா 30. அந்த நம்பர் டயாபிராமோட பரப்பு, சதுர அங்குலத்துல. ஒரு பக்கம் 24, மறுபக்கம் 30 போட்டு ஓடுற வண்டியை நானே பார்த்திருக்கேன். ஒரே காத்து அழுத்தத்துல ஒரு சக்கரத்துக்குக் கால் பங்கு விசை கூட. அப்புறம் வண்டி இழுக்குதுன்னு லைனிங்கை மாத்திக்கிட்டே இருப்பாங்க. ஸ்லாக் அட்ஜஸ்டர் கையோட நீளமும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்.

டல்லாஸ் நாஞ்சிலான்
பூதப்பாண்டிதான் சொந்த ஊர். இப்போது டெக்சாஸில். எங்களிடம் 40 அடி மோட்டார்ஹோம் இருக்கிறது, இன்ஜின் பின்னால் உள்ள டீசல் வகை. அதுவும் முழு ஏர் பிரேக். பெட்ரோல் வகை மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் எண்ணெய் பிரேக்.

இங்கே கனரக உரிமத் தேர்வில் ஏர் பிரேக் சோதனையை வாயால் சொல்லிக்கொண்டே செய்து காட்ட வேண்டும். அதைத் தமிழ்க் கணக்கில் தருகிறேன். முழுக் காத்து, இன்ஜின் நிறுத்தம், ஹேண்ட் பிரேக் விடுதல். பெடலைத் தொடாமல் ஒரு நிமிடம்: 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது, அதாவது சுமார் 0.14 பார். பிறகு பெடலை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம்: 3 பிஎஸ்ஐக்கு மேல் கூடாது, 0.2 பார். பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்துக் காத்தைக் குறைத்தால் 60 பிஎஸ்ஐக்கு, அதாவது 4 பாருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதே, எச்சரிக்கை விளக்கோ பஸ்ஸரோ வந்துவிட வேண்டும். உங்கள் வண்டி நிமிடத்துக்கு 0.18 இறங்குகிறது, பெடலைத் தொடாமலே. வரம்பைத் தாண்டியாகிவிட்டது.

அடுத்தது ராடு எவ்வளவு வெளியே வருகிறது என்று அளப்பது. சேம்பர் வாயில் ராடு மீது சாக்பீஸால் கோடு போடுங்கள். காத்து 6 முதல் 7 பாரில் இருக்கும்போது ஒருவர் பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்கட்டும். கோடு எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 30 அளவு சாதாரண சேம்பருக்கு 51 மில்லிமீட்டர்தான் இங்கே எல்லை. 24-க்கு 44. அதற்கு மேல் போனால் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் வண்டியும் வருடத்தில் ஒன்பது மாதம் நிற்கிறது. பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், ஓட்டத்தில் தேய்ந்து போனதற்காக நான் பிரேக் வேலை செய்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் நின்று கெட்டதுதான்.

குளச்சல் வேன்
இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கணும். என்னோடது சின்ன கேரவன், 14 சீட் வேன்ல கட்டினது, எண்ணெய் பிரேக். பேச்சிப்பாறை பக்கம் சுத்திட்டு இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி ஆயிடுது. அரை மணி நேரம் நிறுத்தினா சரியாகுது. என்ன காரணம்?

ஓய்வு டெப்போ மெக்கானிக்
குளச்சல்காரரே, பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருசம்? அது காத்துல இருக்க ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரியில கொதிக்கும், ஈரம் ஏறினது 155-லயே கொதிக்கலாம். கொதிச்சா பைப்புக்குள்ள ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பஞ்சுன்னு தோணுறது அதுதான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க முழுசா மாத்தி ஏர் எடுத்துப் போடும். இறங்கும்போது கியரைக் குறையும். ஆயில் மாத்தின பிறவும் இருந்தா தனியா எழுதும், ரப்பர் ஹோஸ் உள்ள வீங்கியிருக்கான்னு பாக்கலாம்.

சுங்கான்கடை வண்டிக்காரன்
அண்ணாச்சி, வலது பின் சேம்பர்தான். ஹோஸைக் கழத்தினதும் ஓட்டையில காத்து உள்ளங்கையில அடிச்சுது. இடதுல ஒண்ணும் இல்ல. ஒர்க்‌ஷாப்ல இருந்து பழைய ஃபுட் வால்வையும் வாங்கி வச்சிட்டேன்.

சாக்பீஸ் கணக்கும் எடுத்தாச்சு. என் மச்சான் பெடலை மிதிச்சான், நான் கீழ படுத்து அளந்தேன். நாலு சேம்பரும் 24 அளவு. பின்னால இடது 38 மில்லிமீட்டர். பின்னால வலது 35. முன்னால இடது 34. முன்னால வலது 11.

முன்னால வலது 11-தான்ங்கிறதால அதுதான் நாலுலயும் நல்லா டைட்டா இருக்குன்னு நினைக்கிறேன். அப்ப இழுக்கிறதுக்குக் காரணம் வேறயா?

ஓய்வு டெப்போ மெக்கானிக்
இல்ல மக்கா, அங்கதான் தப்பு. ராடு குறைய வாறதுக்கு ரெண்டு காரணம் உண்டு. லைனிங் டிரம்முக்குப் பக்கத்துல இருந்தா ராடு கொஞ்சம் நகந்ததும் லைனிங் போய் முட்டும், அது நல்லது. இன்னொண்ணு, ராடு தள்ளினா திரும்பி லைனிங்கை டிரம்முல அமுக்குற கேம் ஷாஃப்ட் இறுகிப் போய் ராடைத் தள்ள விடாது. அளவு ஒண்ணுதான், விசயம் வேற.

பிரிச்சுக் காட்ட வழி இருக்கு. முன் வலது சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, அடியில ஸ்டாண்டு கொடுத்திட்டு, மச்சான் பெடலை மிதிக்கட்டு. நீரு டயரைக் கையால சுத்திப் பாரும். சுத்த முடிஞ்சா ஷாஃப்ட் இறுகினதுதான். அடுத்து பின் வலதைத் தூக்கும். ஸ்பிரிங்கைப் பூட்டி ஹேண்ட் பிரேக்கை விட்டிட்டு, பெடலை மிதிச்சு விட்ட பிறவு ராடு முழுசா திரும்பி உள்ள போவுதா, எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பாரும். எல்லாரும் ராடு போறதை அளப்பாங்க. வாறதை அளக்க மாட்டாங்க.

சுங்கான்கடை வண்டிக்காரன்
ரெண்டும் நீங்க சொன்ன மாதிரியே.

முன் வலது: மச்சான் முழு பலத்தோட மிதிச்சுப் பிடிச்சிருக்கான், நான் ஒத்தக் கையால டயரைச் சுத்தினேன். அந்த வண்டியிலதான் அப்பாவையும் அம்மாவையும் ஏத்திட்டுப் போக இருந்தேன்னு நினைச்சதும் கொஞ்ச நேரம் தரையிலயே உக்காந்துட்டேன்.

பின் வலது: பெடலை விட்டதும் ராடு பாதி தூரம் டக்குன்னு வருது, பிறகு மீதி தூரம் பைய, ஆறேழு நொடி எடுத்து வருது. ஓட்டும்போது சூட்டுல இன்னும் மோசமா இருந்திருக்கும். அதான் 190.

நாளைக்குக் கேம் ஷாஃப்டை இறக்கப் போறோம். தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் வீட்டுக்கே வாறேன்னு சொல்லியிருக்கார்.

லோடு லாரி, அருமநல்லூர்
அண்ணே, நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்குறேன். இடது வீலை லூஸ் பண்ணச் சொன்னது தப்பு. என் வண்டியிலயும் இன்னைக்கு நாலு ராடும் அளந்தேன், பின்னால ஒண்ணு 49 இருந்துது. டைட் பண்ணிட்டேன். அண்ணாச்சி, டைட் பண்ணினா எவ்வளவு திருப்பி விடணும்?

ஓய்வு டெப்போ மெக்கானிக்
சக்கரத்தைத் தூக்கி வச்சு, லைனிங் டிரம்மைத் தொடுற வரைக்கும் முறுக்கி, பிறவு கால் சுத்துல இருந்து அரை சுத்துக்குள்ள திருப்பி விடும். டயர் தடையில்லாம சுத்தணும். கையால திருகுற வகைக்குத்தான் இந்தக் கணக்கு. தானா சரி செய்யுற ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில ராடு நீளமா வந்தா முறுக்கி விட்டிட்டுப் போவப்பிடாது. தானா சரியாக வேண்டியது ஏன் ஆகல்லன்னு தேடணும்.

49-ஐ ஏன் பயப்படணும்னா, டிரம் சூடாகும்போது விரியும். விரிஞ்சா லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும், ராடு இன்னும் கூட வரணும். சமதளத்துல எல்லைக்குள்ள நின்ன பிரேக் மலை இறக்கத்துல எல்லையைத் தாண்டும். சேம்பருக்க அடி முட்டினா பிறவு எவ்வளவு மிதிச்சாலும் ஒண்ணும் வராது. 40-ல இருந்து நிறுத்துறதுக்கும் 60-ல இருந்து நிறுத்துறதுக்கும் வேகம் ஒண்ணரை மடங்குதான், ஆனா பிரேக் தாங்க வேண்டிய சூடு ரெண்டேகால் மடங்கு. அதனாலதான் ஏறின கியர்ல இறங்குன்னு பெரியவங்க சொன்னது. நியூட்ரல்ல எறக்கி டீசல் மிச்சம் பிடிக்கவன் கூட நான் ஒருநாளும் வண்டியில ஏறினதில்ல.

ரயில்வே பென்ஷன்
நாகர்கோவில் ஜங்ஷன்ல இருந்து ஓய்வு. இந்தப் பேச்சை வாசிக்கையில ஒண்ணு சொல்லத் தோணுது. ரயில்ல வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல கொண்டு வந்த தானியங்கி பிரேக்ல, பைப்புல காத்து குறைஞ்சா எல்லாப் பெட்டியிலும் பிரேக் பிடிக்கும். லாரி பஸ்ஸிலும் அதே மாதிரிதான்னு பலர் நம்புறாங்க. காத்து போனா வண்டி தானா நின்னுடும்னு. ஸ்பிரிங் உள்ள பின் சக்கரத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும். கால் பிரேக்குக்குக் காத்து வேணும். முன் சக்கரத்துல ஸ்பிரிங் கிடையாது. எச்சரிக்கை விளக்கு வந்த பிறகும் ஓட்டினா ஸ்பிரிங் அதுக்கு இஷ்டப்பட்ட நேரத்துல பிடிக்கும், வளைவா பாலமான்னு பார்க்காது.

சுங்கான்கடை வண்டிக்காரன்
மூணு நாள் வேலை. கண்டதை விவரமா எழுதுறேன், இன்னொருத்தருக்கு உதவும்.

முன் வலது கேம் ஷாஃப்டை வெளிய எடுக்கவே அரை நாள் ஆச்சு. டீசல் ஊத்தி ராத்திரி முழுக்க ஊற வச்சு, காலையில மரக்கட்டை வச்சுத் தட்டித் தட்டித்தான் வந்துது. புஷ்ஷுக்குள்ள இருந்த கிரீஸ் பழைய கருப்பட்டி மாதிரி கெட்டியாகி, ஸ்க்ரூ டிரைவரால குத்தினா சில்லு சில்லா உடையுது. ஷாஃப்ட் மேல துரு செதில் செதிலா பெயர்ந்து நின்னுது. நான் இந்த வண்டிக்கு வருசா வருசம் கிரீஸ் அடிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தவன். பிறகு எப்படி இப்படின்னு தேடினா, மெக்கானிக் கிரீஸ் நிப்பிளைக் காட்டினார். பாடி கட்டும்போது துரு பிடிக்காம இருக்க அடிப்பக்கம் முழுக்கக் கருப்புக் கோட்டிங் அடிச்சாங்க இல்லையா, அது நிப்பிள் வாயையும் மூடியிருக்கு. கிரீஸ் கன்னை வச்சு அமுக்கினா பக்கவாட்டுல பிதுங்கி வெளிய நிக்கும், உள்ள ஒரு துளி போகாது. வெளிய இருந்து பார்த்தா கிரீஸ் அடிச்ச மாதிரியே இருக்கும். பின் வலதுலயும் அதே கதை. இடது பக்கம் ரெண்டும் தப்பிச்சிருக்கு, அங்க கோட்டிங் மெல்லிசு.

தோப்புல வண்டி நின்ன விதமும் சேர்ந்திருக்கு. வலது பக்கம் கடலைப் பார்த்து நின்னுது. நாலு மாசமும் உப்புக் காத்து அந்தப் பக்கத்துல நேரா அடிச்சிருக்கு.

பிறகு ஏர் டேங்க். அடியில உள்ள வால்வைத் திறந்தா முதல் டேங்க்ல இருந்து ஒரு சொம்பு நிறைய செம்பழுப்புத் தண்ணி. பால் கலந்த மாதிரி இல்ல, எண்ணெய்ப் பிசுக்கும் கொஞ்சம்தான். அதனால கம்ப்ரஸர் எண்ணெய் தள்ளலன்னு மெக்கானிக் சொன்னார். டிரையர் பில்டர் மாத்தினோம், அருமநல்லூர் தம்பி சொன்னதுல அது சரிதான். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, காத்துல எப்பவும் ஈரம். டேங்குல தண்ணி நிறைஞ்சா காத்துக்கு இடம் குறையும், ஈரம் வால்வுகளுக்குள்ள போய் உட்காரும்னு இப்பதான் புரியுது.

ரெண்டு பின் சேம்பரும் தக்கலை அக்கா கடையில எடுத்தேன். இடது நல்லா இருந்தாலும் வயசு ஒண்ணுதானேன்னு சேர்த்தே மாத்திட்டேன். நாலு சக்கரத்துக்கும் கேம் புஷ், சீல் புதுசு. பின் வலது லைனிங் கருகிக் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துது. அதனால பின்னால ரெண்டு பக்கமும் லைனிங் மாத்தி, டிரம் ரெண்டையும் லேத்துல கொடுத்து அளந்து கடைஞ்சு வாங்கினோம்.

தக்கலை பார்ட்ஸ் அக்கா
நிப்பிளைக் கோட்டிங் மூடினதைப் படிச்சதும் மனசு கனத்துப் போச்சு தம்பி. கடைக்கு வர்ற டிரைவர்கள்கிட்ட இதைச் சொல்லிட்டே இருக்கேன் இன்னைக்கு. புது நிப்பிள் விலை ஒரு டீ விலைதான். பாடி கட்டி வந்த வண்டி எதுவா இருந்தாலும் நிப்பிளைக் கழத்திப் புதுசு போட்டுட்டு, பழைய கிரீஸ் மறுமுனையில பிதுங்கி வெளிய வர்ற வரைக்கும் அடிங்க. கேம் தலைப்பக்கம் மட்டும் அளவா அடிக்கணும், அதிகமானா லைனிங் மேல போயிடும்.

டல்லாஸ் நாஞ்சிலான்
ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எடை பாருங்கள். மொத்த எடை போதாது. இடது சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு முறை, வலது மட்டும் ஒரு முறை. கேரவன் கட்டுகிறவர்கள் தண்ணீர் டேங்க், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் இடம் கிடைத்த பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

சுங்கான்கடை வண்டிக்காரன்
பார்த்துட்டேன். தண்ணி டேங்க் நிரப்பி, எல்லா சாமானும் ஏத்தி, 13 டன். இடது 6.2, வலது 6.8. டேங்க் நடுவுல இருக்கு, பேட்டரி நாலும் ஜெனரேட்டரும் வலது பக்கம். பேட்டரியை மட்டும் இடது பக்கம் மாத்தினோம். இப்ப வித்தியாசம் 300 கிலோவுக்குள்ள.

இன்னைக்கு விடிகாலை ஆள் இல்லாத நேரம் ஒரு நேர் ரோட்டுல ஓட்டிப் பார்த்தேன். 20-ல ஒரு தடவை, 40-ல மூணு தடவை அழுத்திப் பிடிச்சேன். ஸ்டியரிங்கை லேசா தொட்டபடிதான் வச்சிருந்தேன், வண்டி கோட்டை விட்டு விலகல. வீட்டுக்கு வந்து வெப்பம் பார்த்தேன்: முன்னால 82, 80. பின்னால 91, 88. இன்ஜினை நிறுத்தி ஹேண்ட் பிரேக் விட்டுப் பத்து நிமிசம்: 8.0, பிறகும் 8.0. பெடலை அமுக்கிப் பிடிச்சு ஒரு நிமிசம்: 0.05-க்கும் குறைவு.

குளச்சல் வேன்
ரொம்ப சந்தோசம் அண்ணே. ஆயில் மாத்தினேன், பழையது காப்பி நிறத்துல இருந்துது. பேச்சிப்பாறை போய்ட்டு வந்து சொல்றேன். ஒரு சந்தேகம்: வண்டியை மாசக்கணக்குல நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டுட்டுக் கட்டை மட்டும் போட்டு நிறுத்தினா லைனிங் டிரம்மோட ஒட்டாதுல்ல?

ஓய்வு டெப்போ மெக்கானிக்
ஒமக்கு எண்ணெய் பிரேக், கேபிள் ஹேண்ட் பிரேக். சமதளத்துல முன்னும் பின்னும் கட்டை போட்டு விட்டு வைக்கலாம். சுங்கான்கடை தம்பிக்கு அது நடக்காது. அவரு விட்டு வச்சாலும் நாளாக ஆகக் காத்து இறங்கும், ஸ்பிரிங் தானா பிடிக்கும். அவரு செய்ய வேண்டியது பத்து நாளைக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணி, காத்து நிறைஞ்சு டிரையர் புஸ்ஸுங்குற வரை ஓட விட்டு, வண்டியைப் பத்தடி முன்ன பின்ன நகத்தி, பெடலை இருபது தடவை மிதிச்சு, கடைசியில டேங்க் தண்ணியைத் திறந்து விடுறது. அரை மணி நேர வேலை. முட்டத்துல நிறுத்தண்டாம். சுங்கான்கடையில வீட்டு முற்றத்துலயே நிக்கட்டு.

அப்பாவுக்க முட்டு இப்பம் எப்பிடி இருக்கு?

சுங்கான்கடை வண்டிக்காரன்
பரவாயில்ல அண்ணாச்சி, மெதுவா நடக்கார். வண்டிக்குள்ள ஏற ரெண்டு படி கூடுதலா வச்சிருக்கேன்.

நாளைக்குக் காலையில நாலு மணிக்குக் கிளம்புதோம். ஆரல்வாய்மொழி தாண்டி முதல் நிறுத்தத்துல நாலு டிரம்மும் வெப்பம் பார்த்துட்டுத்தான் மேல போறது. இப்ப சாயங்காலம் டேங்க் வால்வைத் திறந்து பார்த்தேன். வெள்ளைத் துணியைப் பிடிச்சேன். துணி நனையல.